சீனாவும் மியான்மரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மியான்மர் செய்திகளில் எல்லா ஆயுதக் குழுக்களையும் "கிளர்ச்சியாளர்கள்" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. இங்கே ஐந்து படைகளின் பெயர் திரும்பத் திரும்ப வரும்: கோகாங் படை (எம்.என்.டி.ஏ.ஏ.), தாங் படை (டி.என்.எல்.ஏ.), வா படை (யு.டபிள்யூ.எஸ்.ஏ.), கச்சின் படை (கே.ஐ.ஏ.), அரக்கான் படை (ஏ.ஏ.). முதல் நான்கும் வடக்கிலும் வடகிழக்கிலும் சீன எல்லைப் பக்கம் இருப்பவை. அரக்கான் படை மட்டும் மேற்கே, வங்கக் கடலோரம்.

சீனா ராணுவ ஆட்சியின் பக்கமா, எதிர்ப்புப் படைகளின் பக்கமா?

கேள்வியே கொஞ்சம் தவறு. பெய்ஜிங் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் எதை நிறுத்தினால் வலிக்கும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அந்தக் குழாயின் திருகைத் தன் கையில் வைத்திருக்கிறது. ராணுவத்துக்குப் போர் விமானமும், ஐ.நா. பாதுகாப்பு அவையில் நிழலும் தருகிறது. ராணுவத்தோடு சண்டையிடும் எல்லைப் படைகளுக்கு மின்சாரம், இணையம், எரிபொருள், சந்தை எல்லாம் சீனப் பக்கத்திலிருந்துதான் போகின்றன. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஆங் சான் சூச்சியின் அரசை ராணுவம் கவிழ்த்த 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு ராணுவத்துக்குப் போன ஆயுதங்களிலும் அவை சார்ந்த பொருள்களிலும் ரஷ்யாவின் பங்கு 40.6 கோடி டாலர், சீனாவின் பங்கு 26.7 கோடி டாலர். அதே காலத்தில் வா படையிடமிருந்த சீனத் தயாரிப்பு ஆயுதங்கள் கைமாறிக் கைமாறி ராணுவத்தைச் சுடுகிற படைகளிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

ராணுவம் விழக்கூடாது, ஆனால் சீனாவை மீறும் அளவுக்கு வளரவும் கூடாது. படைகள் அழியக்கூடாது, ஆனால் நாட்டின் நடுவிலுள்ள பெருநகர் மண்டலே வரை வந்துவிடவும் கூடாது. 2023-க்குப் பிறகு நடந்தவற்றில் பெரும்பகுதி இந்த அளவுகோலுக்குள் அடங்கிவிடும்.

எல்லை எவ்வளவு நீளம்? மறுபக்கம் யார் இருக்கிறார்கள்?

சுமார் 2,100 கிலோமீட்டர். சீனப் பக்கம் பெரும்பகுதி யுன்னான் மாகாணம். மியான்மர் பக்கம் கச்சின், ஷான் மாநிலங்கள். 1960 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தோடு எல்லைக்கோடு முடிவானது. இந்தியாவோடு இன்றுவரை தீராத எல்லைப் பிரச்சினையை வைத்திருக்கும் சீனா, பர்மாவோடு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கணக்கை முடித்துவிட்டது.

ஆனால் கோட்டின் மறுபக்கம் தலைநகர் நய்பிடாவின் ஆட்சி நடக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வா பகுதித் தலைநகர் பாங்சாங்கில் புழங்குவது யுவான்; கைப்பேசியில் சீன நிறுவனச் சிம் கார்டு; பள்ளியிலும் அலுவலகத்திலும் சீன மொழி. மியான்மர் ராணுவம் அனுமதி இல்லாமல் அங்கே காலடி வைக்க முடியாது. வா படையின் எண்ணிக்கையை 20,000 முதல் 30,000 வரை மதிப்பிடுகிறார்கள்.

இந்தப் படைகளோடு சீனாவுக்குத் தொடர்பு எப்படி வந்தது?

கட்சி வழியாக வந்தது. 1967-ல் ரங்கூனில் சீனர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அது பண்பாட்டுப் புரட்சிக் காலம். 1968 தொடக்கத்தில், சீனாவில் பயிற்சி பெற்ற பர்மியக் கம்யூனிஸ்ட் கட்சிப் படை எல்லை தாண்டி மோங் கோவுக்குள் நுழைந்தது. அடுத்த இருபதாண்டுகள் ஷான் மலைகளின் வடகிழக்கு விளிம்பு கம்யூனிஸ்ட் கட்சி வசம் இருந்தது. தலைமையில் பர்மியர்கள், சுமை தூக்கிச் செத்தவர்கள் வா, கோகாங் மலைவாசிகள்.

1989 மார்ச்சில் கோகாங் தலைவர் பெங் ஜியாஷெங் கட்சிக்கு எதிராகக் கிளம்பினார். ஏப்ரலில் வா வீரர்கள் பாங்சாங் தலைமையகத்தையே கைப்பற்றினார்கள். வயதான பர்மியத் தலைவர்கள் சீனாவுக்குள் ஓடினார்கள். கட்சி உடைந்து இன அடிப்படையில் நான்கு படைகளாயிற்று. வா படையும் கோகாங் படையும் அதில் இரண்டு. ராணுவ உளவுத்துறைத் தலைவர் கின் நியுன்ட் ஓடிப்போய் ஒவ்வொன்றோடும் தனித்தனியே சண்டைநிறுத்தம் செய்துகொண்டார். யுன்னான் அதிகாரிகளுக்கு இந்தத் தளபதிகளை அப்போதிருந்தே தெரியும். பெய்ஜிங் வெளியுறவு அமைச்சகத்துக்குப் புரியாததுகூட ரூய்லி, லின்சாங் போன்ற யுன்னான் எல்லை ஊர் அலுவலகங்களில் இருப்பவர்களுக்குப் புரிவது இதனால்தான்.

2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின்னால் சீனா இருந்ததா?

இருந்ததற்குச் சான்று இல்லை. காரணமும் இல்லை. ஆங் சான் சூச்சியோடு பெய்ஜிங்குக்கு நல்ல உறவு இருந்தது. 2020 ஜனவரியில் ஷி ஜின்பிங் நேரில் வந்து 33 ஆவணங்களில் கையெழுத்துப் போட்டுப் போயிருந்தார். ஓராண்டு கழித்து, 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அந்த ஆவணங்களில் பெரும்பாலானவை தூங்கப் போய்விட்டன.

ஆனால் சின்ஹுவா செய்தி நிறுவனம் ஆட்சிக்கவிழ்ப்பை "பெரிய அமைச்சரவை மாற்றம்" என்று எழுதியது. அந்தச் சொற்றொடர் மியான்மர் மக்கள் மனத்தில் முள்ளாகத் தைத்தது. ரங்கூனில் சீனத் தூதரகம் முன்னால் நாள்தோறும் கூட்டம் கூடியது. மார்ச் மாதம் லைங்தாயா தொழிற்பேட்டையில் சீனர்களின் ஆடைத் தொழிற்சாலைகள் எரிந்தன.

2023-ன் "1027 நடவடிக்கை"க்குச் சீனா பச்சைக்கொடி காட்டியதா?

குறைந்தபட்சம் சிவப்புக்கொடி காட்டவில்லை. 2023 அக்டோபர் 27 அன்று கோகாங், தாங், அரக்கான் ஆகிய மூன்று படைகளும் சேர்ந்து வட ஷானில் தாக்குதல் தொடங்கின. தேதியே நடவடிக்கையின் பெயர்.

அதற்குமுன் நடந்ததைப் பார்க்க வேண்டும். எல்லையோரக் கோகாங் பகுதியின் தலைநகர் லவுக்காயில் இணைய மோசடி முகாம்கள் பெருகியிருந்தன. ஏமாந்தவர்களும் சீனர்கள், அடைத்து வைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டவர்களும் பெரும்பாலும் சீனர்கள். நடத்தியவை பை, வெய், லியு, மிங் என்ற நான்கு குடும்பங்கள். இவர்களை அங்கே உட்கார வைத்ததே மியான்மர் ராணுவம்தான். 2009-ல் பெங் ஜியாஷெங்கை விரட்டிவிட்டு பை சுவோசெங்கைப் பொறுப்பில் வைத்தது. அந்த நடவடிக்கையை முன்னின்று நடத்தியவர், பின்னால் 2021-ல் ஆட்சியைக் கவிழ்த்த மின் ஆங் லைங். முகாம்களை மூடச் சொல்லி பெய்ஜிங் கேட்டுக் கேட்டுச் சலித்தது. நய்பிடா தன் ஆட்களைத் தொட மறுத்தது. 2022-ல் இறந்துபோன பெங்கின் மகன் பெங் டாசுன், "மோசடியை ஒழிக்கிறோம்" என்ற முழக்கத்தோடு படையெடுத்தபோது, தடுக்க வேண்டிய அவசியம் சீனாவுக்கு இல்லாமல் போனது.

விளைவு வேகமாக வந்தது. 2023 முடிவதற்குள் 41,000 மோசடிச் சந்தேக நபர்கள் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டதாகச் சீனக் காவல் துறை அமைச்சகம் சொன்னது. 2024 ஜனவரி தொடக்கத்தில் லவுக்காயில் இருந்த ராணுவம் ஆறு பிரிகேடியர் ஜெனரல்களோடு சரணடைந்தது. ஜனவரி இறுதியில், தான் வளர்த்த பை சுவோசெங்கையே விமானமேற்றி சீனாவுக்கு அனுப்பியது நய்பிடா. 2025 செப்டம்பரில் சீனாவின் வென்ஜோ நீதிமன்றம் மிங் குடும்ப வழக்கில் 11 பேருக்கு மரண தண்டனை விதித்தது.

அப்படியென்றால் லாஷியோவைப் பிடித்த கோகாங் படை, அதை ஏன் திருப்பிக் கொடுத்தது?

சீனாவின் வழிமுறை முழுவதையும் காட்டுகிற ஒரே நிகழ்வு இது. அதனால் படிப்படியாகப் பார்ப்போம்.

லாஷியோ சாதாரண ஊர் இல்லை. மண்டலேயிலிருந்து மூசே எல்லை வரை போகிற சாலையின் நடுமுடிச்சு; ராணுவத்தின் வடகிழக்குப் பிராந்தியத் தலைமையகம் அங்கே இருந்தது. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் அது விழுந்தது. பிராந்தியத் தலைமையகம் ஒன்று எதிரி கையில் போனது மியான்மர் வரலாற்றில் அதுவே முதல் முறை. அடுத்தது மண்டலேதானோ என்ற பேச்சு எழுந்ததும் பெய்ஜிங் பதறியது. மோசடி முகாமை ஒழிப்பது ஒன்று. மையத்தில் அரசே சரிவது வேறு.

முதலில் கதவு. கோகாங் வசமிருந்த எல்லை வாசல்கள் மூடப்பட்டன. அங்கே அரிசி, எரிபொருள், மருந்து, சிமெண்ட் எல்லாம் சீனாவிலிருந்து வருபவை. உள்நாட்டுச் சாலையை ராணுவம் ஏற்கெனவே அடைத்திருந்ததால் மாற்று வழியும் இல்லை. அடுத்து மின்சாரமும் இணையமும். பிறகு அண்டை வீட்டார்மேல் அழுத்தம்: கோகாங்குக்கு உதவாதே என்று வா தலைவர்களிடம் சொல்லப்பட்டது. இடையிடையே எல்லையில் சீன ராணுவத்தின் குண்டுப் பயிற்சி. தாங் படைக்கு ரூய்லி அதிகாரிகளிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் போனது.

செப்டம்பரில் கோகாங் படை இறங்கி வந்தது: மண்டலேயையும் தவுங்ஜியையும் தாக்கமாட்டோம், தேசிய ஒற்றுமை அரசோடு (ஆட்சிக்கவிழ்ப்பை எதிர்ப்பவர்கள் அமைத்த இணை அரசு) கூட்டு இல்லை என்று அறிக்கை விட்டது. போதவில்லை. அக்டோபர் இறுதியில் சீனாவின் சிறப்புத் தூதர் டெங் சிஜுன்னைச் சந்திக்க யுன்னான் போன பெங் டாசுன் திரும்பி வரவில்லை. தடுத்து வைத்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது. அவர் சிகிச்சைக்கு வந்து ஓய்வெடுக்கிறார் என்றது சீன வெளியுறவு அமைச்சகம். "சிகிச்சை" எதற்கு என்பது எல்லையோரம் எல்லோருக்கும் விளங்கியது.

2025 ஜனவரியில் யுன்னான் தலைநகர் குன்மிங்கில் சண்டைநிறுத்தம். ஏப்ரலில் சீனக் கண்காணிப்புக் குழு லாஷியோவுக்கே வந்து நின்று, நகரம் ராணுவத்திடம் ஒப்படைக்கப்படுவதை மேற்பார்வையிட்டது. நூற்றுக்கணக்கான வீரர்கள் உயிர் கொடுத்துப் பிடித்த ஊர், ஒரு குண்டும் சுடாமல் கைமாறியது.

பர்மிய ராணுவம் 1960-களில் வகுத்த "நான்கு வெட்டு" உத்தி நினைவிருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. உணவு, பணம், தகவல், ஆள்சேர்ப்பு ஆகிய நான்கையும் வெட்டுவது அது. ராணுவம் அதைச் செய்ய ஊர்களை எரித்தது. சீனாவுக்கு ஒரு சுவிட்ச் போதுமாயிற்று.

தாங் படைக்கும் இதேதானா?

ஏறக்குறைய. ஆனால் தாங் படை முரண்டு பிடித்தது. ராணுவம் விமானக் குண்டுவீச்சோடு நவுங்க்யோ, சியாவ்க்மே, சிப்பாவ் ஊர்களை 2025-ல் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தது. பிறகு அக்டோபர் இறுதியில் குன்மிங்கில் ஒப்பந்தம். மாணிக்கக்கல் விளையும் மோகோக்கையும் மொமேயிக்கையும் விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. 1027 தொடங்கிச் சரியாக இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்கு முன்பே ஆகஸ்டில் வா படை தன் கூட்டாளிகளை அழைத்து, கோகாங், தாங் படைகளுக்கு இனி பணமும் ஆயுதமும் இல்லை என்று சொல்லிவிட்டது. சீன அழுத்தம் தாங்கவில்லை என்பதை மறைக்கவுமில்லை.

இந்த வித்தை கச்சின் படையிடம் ஏன் பலிக்கவில்லை?

கச்சின் படையின் கையிலும் ஒரு திருகு இருக்கிறது: அரிய மண் தாதுக்கள்.

மின்வாகன மோட்டார், காற்றாலை, ஏவுகணை ஆகியவற்றின் காந்தங்கள் சூட்டில் வலுவிழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற கனரகத் தாதுக்கள் சேர்க்க வேண்டும். இவை யுன்னானை ஒட்டிய சிப்வி, பாங்வா மலைகளின் களிமண்ணில் ஒட்டிக்கிடக்கின்றன. சீனா தன் ஜியாங்சி மாகாணத்தில் சுற்றுச்சூழல் நாசமானதும் அங்கே கெடுபிடி செய்துவிட்டு, தோண்டும் வேலையை எல்லைக்கு அப்பால் தள்ளியது. 2023-ல் மட்டும் மியான்மரிலிருந்து சுமார் 41,700 டன் போனது.

எடுக்கும் முறை இது: மலையுச்சியில் வரிசையாகத் துளையிட்டு அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை மாதக்கணக்கில் உள்ளே விடுவார்கள். அது மண்ணோடு ஒட்டிய தாதுவைக் கழற்றிக்கொண்டு கீழே கசியும். பிளாஸ்டிக் குழாய் வழியாகத் தார்ப்பாய் விரித்த குட்டைகளில் சேரும். ஆக்சாலிக் அமிலமோ அம்மோனியம் பைகார்பனேட்டோ போட்டால் தாது வெண்சேறாக அடியில் தங்கும். அதை வடித்து, சூளையில் வறுத்து, மூட்டை கட்டி எல்லை தாண்டி அனுப்புவார்கள். மரம் வெட்டிய மலை உள்ளுக்குள் ஊறிப்போவதால் மழைக்காலத்தில் சரியும். மிச்சக் கரைசல் ஓடையில் கலக்கும். இந்த வேலைக்கு வேண்டிய ரசாயனமும் சீனாவிலிருந்துதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே கதவை மூடினால் இரு தரப்புக்கும் நஷ்டம்.

2024 அக்டோபரில் பாங்வாவைக் கச்சின் படை பிடித்தது. சீனா கதவை மூடியது. காந்த ஆலைகளுக்குப் போகும் தாது குறைந்து விலை ஏறியது. சில மாதங்களில் பேச்சு நடந்து, டன்னுக்கு 35,000 யுவான் வரி கட்டி ஏற்றுமதி செய்யலாம் என்றது கச்சின் படை. ராணுவத்தின் வசமிருந்த கச்சின் மாநில நகரான பாமோவின் முற்றுகையைக் கைவிடாவிட்டால் தாதுவை வாங்கமாட்டோம் என்று சீன அதிகாரிகள் மிரட்டியதாக 2025-ல் செய்தி வந்தது. முற்றுகை நிற்கவில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்காவோடு மோதலில் பெய்ஜிங் இதே தாதுக்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தது. உலகத்தை மிரட்டும் ஆயுதத்துக்கான மூலப்பொருள் ஒரு கச்சின் மலைச்சரிவிலிருந்து வருகிறது என்பது அதற்கு உவப்பான நிலை இல்லை.

குழாய்த் திட்டம் சீனாவை மலாக்கா நீரிணையிலிருந்து விடுவித்துவிட்டதா?

இல்லை. சீனாவுக்கு வரும் எண்ணெயில் பெரும்பகுதி மலாக்கா என்ற குறுகிய கடல்வழியாக வருகிறது; குழாய் அதற்கு மாற்று என்பது மிகைப்படுத்திப் பேசப்படும் விஷயம்.

இரண்டு குழாய்கள் அடுத்தடுத்து ஓடுகின்றன. எரிவாயுக் குழாய் மியான்மருக்குள் 793 கிலோமீட்டர், 2013-ல் தொடங்கியது, ஆண்டுக்கு 1,200 கோடி கன மீட்டர் கொள்ளளவு. கச்சா எண்ணெய்க் குழாய் 771 கிலோமீட்டர், 2017-ல் தொடங்கியது, ஆண்டுக்கு 2.2 கோடி டன் கொள்ளளவு. இரண்டும் மேற்கே ரகைன் மாநிலக் கரையில் கியாக்பியூ அருகே தொடங்கி, மண்டலே பக்கமாக ஏறி, ரூய்லி வழியாக யுன்னானுக்குள் நுழைகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சீனா ஆண்டுக்கு 55 கோடி டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் இறக்குமதி செய்கிறது. குழாய் நிறைய ஓடினாலும் நூற்றில் நான்கு பங்குதான். அதுவும் நிறைய ஓடாது. மறுமுனையில் இருக்கும் அன்னிங் சுத்திகரிப்பு ஆலையின் கொள்ளளவே 1.3 கோடி டன். மேலும் வளைகுடாவிலிருந்து வரும் டேங்கர் வங்கக் கடலுக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்தமானில் இந்தியக் கடற்படை இருக்கிறது. யுன்னான் என்ற உள்நாட்டு மாகாணத்துக்கு எரிபொருள் தருவது என்ற அளவில் குழாய் நல்ல முதலீடு. போர்க்கால மாற்று வழி என்பது பேச்சு.

சண்டைக்கு நடுவே குழாய் எப்படித் தப்பிக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பகுதி மண்ணுக்கடியில் போகிறது. வெளியே தெரியும் பம்பு நிலையங்களும் எடுப்பு நிலையங்களும்தான் பலவீனமான இடங்கள். சுற்றியுள்ள ஊர் யார் கையில் போனாலும், வந்தவர்கள் முதலில் விடும் அறிக்கை "வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாப்போம்" என்பதாகத்தான் இருக்கிறது. குழாயை உடைத்தவன் சீனாவின் எதிரியாகிவிடுவான்; உடைக்காமல் வைத்திருப்பவனோடு சீனா பேசியே ஆக வேண்டும்.

கியாக்பியூ ஆழ்கடல் துறைமுகம் எந்த நிலையில் இருக்கிறது?

தாளில் நன்றாக இருக்கிறது. முதலில் 730 கோடி டாலர், சீனத் தரப்புக்கு 85 சதவீதப் பங்கு என்று திட்டமிட்டார்கள். அம்பாந்தோட்டையை இலங்கை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டதைப் பார்த்து ரங்கூனில் பயம் வந்தது. சூச்சி அரசு பேரம் பேசி, 2018 நவம்பரில் முதல் கட்டம் 130 கோடி டாலர், பங்கு 70:30 என்று குறைத்தது. சிறிய நாடு பெரிய நாட்டிடம் கணக்குப் பார்த்துப் பேசினால் குறைக்க முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 2023 டிசம்பரில் ராணுவ ஆட்சி துணை ஒப்பந்தம் போட்டது.

தரையில் நிலைமை வேறு. ரகைனின் 17 நகரியங்களில் 14 அரக்கான் படை கையில். ராணுவத்திடம் மிஞ்சியவை சித்வே, கியாக்பியூ, மனவுங். அரக்கான் படையின் சொந்த நிலம் சீன எல்லையில் இல்லை. மூடிக் காட்டக் கதவு இல்லை. வடக்கே செய்ததை இங்கே அப்படியே செய்ய முடியாததற்கு இதுதான் முதல் காரணம்.

மிச்சோன் அணை என்ன ஆயிற்று?

2011 செப்டம்பர் 30 அன்று அதிபர் தெய்ன் செய்ன் நிறுத்தியது நிறுத்தியபடி கிடந்தது. 6,000 மெகாவாட், 360 கோடி டாலர் திட்டம். மின்சாரத்தில் 90 சதவீதம் சீனாவுக்கு. இரண்டு ஆறுகள் கூடி ஐராவதி பிறக்கும் இடத்தில் அணை என்பதை மக்கள் ஏற்கவில்லை. தன் பேச்சைத் தட்டமாட்டார்கள் என்று பெய்ஜிங் நம்பிய ராணுவப் பின்னணி அரசே இதைச் செய்தது.

சீனா நேரடியாகப் படை அனுப்புமா?

அனுப்பினால் எல்லோரும் சேர்ந்து அதற்கு எதிராகத் திரும்பிவிடுவார்கள். அது பெய்ஜிங்குக்கு நன்றாகத் தெரியும். 2015-ல் மியான்மர் விமானம் போட்ட குண்டு யுன்னான் கரும்புத் தோட்டத்தில் விழுந்து விவசாயிகள் இறந்தபோதுகூட, கண்டனமும் வான்ரோந்தும் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. நய்பிடா மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தர ஒத்துக்கொண்டது.

இப்போது இடைவழி ஒன்று திறந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் ராணுவ ஆட்சி தனியார் பாதுகாப்புச் சேவைச் சட்டம் கொண்டுவந்தது. சீன நிறுவனங்கள் தங்கள் திட்டங்களுக்குத் தங்கள் நாட்டுக் காவலர்களை வைக்க இதில் வழியுண்டு. எத்தனை பேர், என்ன ஆயுதம் என்பதைவிட, சுடப்பட்டால் யார் பொறுப்பு என்பதுதான் இதில் உண்மையான சிக்கல்.

பேசி முடித்த சண்டைநிறுத்தங்கள் ஏன் நிற்பதில்லை?

சீனா நடத்திவைப்பது சமாதானப் பேச்சு இல்லை; வர்த்தகச் சாலையைத் திறக்கும் பேச்சு. எந்த ஊர் யாருக்கு, எந்தச் சுங்கச்சாவடி யாருக்கு என்பதோடு நின்றுவிடும். அரசமைப்பு, கூட்டாட்சி, அகதிகள் திரும்புவது என்று எதுவும் மேசைக்கு வராது. 1027 நடத்திய மூன்று படைகளும் ராணுவமும் 2024 ஜனவரியில் குன்மிங்கில் போட்ட ஒப்பந்தம் ஜூன் மாதமே முறிந்தது. வடக்கே சண்டை நின்றால், ராணுவம் விமானங்களை மத்திய மியான்மர் ஊர்கள் பக்கம் திருப்புகிறது. சாகைங் மக்களுக்கு குன்மிங் ஒப்பந்தம் என்றால் கூடுதல் குண்டு என்று பொருள். ஆட்சிக்கவிழ்ப்பை எதிர்த்து ஆயுதம் எடுத்த மக்கள் பாதுகாப்புப் படைகளும் தேசிய ஒற்றுமை அரசும் இந்தப் பேச்சுகளில் கட்சிகளே இல்லை. அந்த அரசு 2024 ஜனவரியில் "ஒரே சீனா" கொள்கையை ஏற்கிறோம், சீன முதலீட்டைக் காப்போம் என்று பத்து அம்ச அறிக்கை விட்டுப் பார்த்தது. பெய்ஜிங் நாற்காலி போடவில்லை.

கதவு மூடினால் சாதாரண ஆளுக்கு என்ன ஆகும்?

மூசேயில் தர்பூசணி லாரிகள் வரிசையில் நிற்கும். நான்கு நாள் தாண்டினால் பழம் கசியும், சாலையோரம் கொட்டிவிட்டு வெறும் வண்டியோடு திரும்புவார்கள். சோளம் தாங்கும், பழம் தாங்காது. கடன் வாங்கிப் பயிரிட்ட மண்டலே, சாகைங் விவசாயிக்கு அந்த ஆண்டு போச்சு. மியான்மர் பக்கம் பெட்ரோலும் மருந்தும் மடங்காகும். கூலிக்கு ரூய்லி போய் வந்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 2023 நவம்பரில் மூசே அருகே நூற்றுக்கும் மேற்பட்ட சரக்கு லாரிகள் எரிந்துபோயின.

இரு நாட்டு அதிகாரிகளும் விருந்துகளில் சொல்லும் சொல் "பவுக்ஃபா". பர்மிய மொழியில் கூடப் பிறந்தவர் என்று பொருள். மூசே சந்தையில் இந்தச் சொல்லைச் சிரிக்காமல் சொல்பவர் குறைவு.

தமிழ்நாட்டு இளைஞர்கள் சிக்கிய மோசடி முகாம்களும் இவைதானா?

தொழில் ஒன்று, இடம் வேறு. அவர்கள் சிக்கியது தாய்லாந்து எல்லையிலுள்ள மியாவடியில். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் ஊர் திரும்பினார்கள். 2025 மார்ச்சில் இந்தியா விமானப்படை விமானங்களில் 549 பேரை அழைத்து வந்தது. சீன நடிகர் வாங் சிங் 2025 ஜனவரியில் கடத்தப்பட்டதும் பெய்ஜிங் தாய்லாந்தை நெருக்கியது. பிப்ரவரி 5 அன்று தாய்லாந்து ஐந்து எல்லை இடங்களுக்கு மின்சாரம், எரிபொருள், இணையத்தை வெட்டியது. வடக்கில் அடைபட்ட முகாம்களில் பல தெற்கே இடம் மாறியிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆள்பிடிக்கும் விதம் மாறவில்லை: "பாங்காக்கில் டேட்டா என்ட்ரி", "டிஜிட்டல் சேல்ஸ்", நேர்காணல் தொலைபேசியில், தட்டச்சு வேகம் மட்டும் கேட்பார்கள், பயணம் சுற்றுலா அனுமதியில். சுற்றுலாவுக்கு என்று நுழைந்து தாய்லாந்தில் வேலை பார்க்க முடியாது. இதிலேயே பொய் வெளிப்பட்டுவிடும். முகவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பாங்காக் விமான நிலையத்திலிருந்து கார், மியாவடிக்கு எதிரே இருக்கும் தாய்லாந்து எல்லை ஊரான மே சோட் திசையில் மணிக்கணக்காக ஓடினால், வண்டி நிற்கும் முதல் இடத்திலேயே இறங்கி உதவி கேட்க வேண்டும். ஆற்றைத் தாண்டிய பிறகு தாய் போலீசாரால் எதுவும் செய்ய முடியாது.

இந்தியாவால் இதுபோல் செய்ய முடியாதா?

இந்தியாவுக்கு 1,643 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது, திருகு இல்லை. சின் மலை மக்களுக்கு மிசோரம் அடைக்கலம் தருகிறது, ஆனால் அங்கே பெரிய சந்தையோ மின்கட்டமைப்போ இந்தியாவிடமிருந்து போகவில்லை. மிசோரத்தை ரகைன் கடலோரத்தோடு இணைக்க இந்தியா போட்ட கலாதான் திட்டத்தின் சித்வே துறைமுகத்துக்கு 2023 மே மாதம் கொல்கத்தாவிலிருந்து முதல் சரக்குக் கப்பல் போனது. அடுத்த ஜனவரியில் அதன் ஆற்றுவழி முனையான பலேத்வாவை அரக்கான் படை பிடித்துவிட்டது. மணிப்பூரின் மோரே சந்தை, 1960-களில் ராணுவ ஆட்சியாளர் நே வின் கடைகளைத் தேசியமயமாக்கியதால் ரங்கூனை விட்டு வந்த தமிழர்களும் சேர்ந்து வளர்த்தது. 2023 மணிப்பூர் வன்முறைக்குப் பிறகு அதுவும் படுத்துவிட்டது.

அடுத்து என்ன என்று கணிக்க எதைப் பார்ப்பது?

வெளியுறவு அமைச்சக அறிக்கைகளைப் பார்க்காதீர்கள். "எல்லாத் தரப்பும் நிதானம் காக்க வேண்டும்" என்பது எப்போதும் அச்சில் இருக்கும் வாக்கியம். எல்லை வாசல்களைப் பாருங்கள். மூசேயின் மங் வெய்ன், கின் சான் சாவ்த், கோகாங்கின் சின்ஷ்வேஹாவ் ஆகியவற்றில் எது திறந்திருக்கிறது, சரக்குக்கா ஆளுக்கா என்பது முதல் தகவல். டெங் சிஜுன் எந்த ஊரில் இருக்கிறார் என்பது இரண்டாவது. எல்லையில் குண்டுப் பயிற்சி அறிவிப்பு வந்தால், எந்த மாவட்டம் என்று பாருங்கள். மிரட்டல் யாருக்கென்று அதில் இருக்கும்.

2025 டிசம்பர் 28 முதல் ஜனவரி வரை மூன்று கட்டமாக ராணுவம் நடத்திய தேர்தலை பெய்ஜிங் ஆதரித்தது. ராணுவச் சார்புக் கட்சி வென்றது. கோட்டு சூட்டோடு ஓர் ஆட்சி வந்தால் கையெழுத்து வாங்கச் சௌகரியம். ஆனால் அந்தக் கையெழுத்து லாஷியோவைத் தாண்டிச் செல்லுபடியாகிறதா என்பதை மூசே சாலையில் ஒரு லாரிக்காரர் எத்தனை சாவடிகளில், எத்தனை படைகளுக்குப் பணம் கட்டுகிறார் என்று எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும்.